இடப்பக்க நாற்காலி

பிப்ரவரி 4
இன்றும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. சாப்பிடும்போது "நாளைக்கு எந்த ஷிஃப்ட்?" என்று கேட்டேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க பஸ் ஓட்டுகிறவருக்குக் கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேச முடியாதா? நான் ஆய்வேடு எழுத ஆரம்பித்ததிலிருந்துதான் இப்படி. நாற்பது வயதில் இவளுக்கு உளவியல் ஒரு கேடா என்ற கோபம். வேறென்ன?

பிப்ரவரி 6
படிப்பை விட்டுவிடலாமா?

பிப்ரவரி 10
ஆய்வுக்கு வழிகாட்டும் மேடம் என் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நர்ஸ்களுக்குத் தூக்கம் குறையும்போது எரிச்சல் கூடுகிறது, ஆகவே தூக்கக் குறைவே காரணம் என்று எழுதியிருந்தேன். "ரெண்டும் சேர்ந்து மாறினா அது உடன்தொடர்பு, அவ்வளவுதான். ஒண்ணாலதான் இன்னொண்ணுன்னு எப்படிச் சொல்ற? கூடவே வேற எது மாறுச்சுன்னு பாத்தியா?"

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. அவர் கோபத்தைப் பற்றி நான் கட்டியிருப்பதும் இதே கதைதானே?

வேறு எது மாறியது? ஷிஃப்ட் மாறவில்லை. சாப்பிடுவதும் நான் எழுதுவதும் அதே மேசையில்தான். நாற்காலி — ஆய்வேடு தொடங்கிய அன்று, விளக்கு வெளிச்சத்துக்காக அவருடைய வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் மாறினேன். சே, நாற்காலிக்கும் கோபத்துக்கும் என்ன சம்பந்தம்?

பிப்ரவரி 11
ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். ஷிஃப்ட் பற்றிய அதே கேள்வி, அதே குரல். இடப்பக்கமிருந்து கேட்டேன், பதில் இல்லை. எழுந்து போய் வலப்பக்கம் உட்கார்ந்து கேட்டேன்.

"காலைலதான். ஏன்?"

"என்னங்க, இடது காது கேக்கலையா?"

"மெதுவாப் பேசு. டிப்போவுல தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எங்கிட்டகூடவா மறைக்கணும்? நான் படிப்பையே விட இருந்தேனே, பாவி மனுஷா.

பிப்ரவரி 12
சோதனைக்கு முன் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் வாங்க வேண்டும். முதல் பாடமே அதுதான். நாற்காலி மாறி உட்கார்ந்தது ஒரு சோதனை என்று அவரிடம் சொல்லித் தொலைத்தேன். "நான் என்ன உன் எலியா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் இப்போது நிஜமாகவே பேசுவதில்லை.

பிப்ரவரி 15
"திங்கக்கிழமை லீவு போட்டிருக்கேன். டாக்டர்கிட்ட நீயும் வா." அவ்வளவுதான்.

பிப்ரவரி 17
டாக்டர் அறைக்கு வெளியே வரிசையாக நாற்காலிகள். அவருக்கு இடப்பக்கம்தான் காலி. உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் எழுந்தார். பயந்து கிளம்பிவிட்டார் என்றே நினைத்தேன். சுற்றி வந்து, எனக்கு அந்தப் பக்கம் இருந்தவரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, தன் வலது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு. அந்த நர்ஸுங்க கதை என்னாச்சு?"