படகுப் பலகையில் ஒரு தட்டு

லைட்ஹவுஸ் குப்பம்
12-11-86

என் வீட்டுக்காரிக்கு,

நீ பொன்னேரிக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. நானே பொங்கிச் சாப்பிடுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபைபர் படகு செய்யும் கொட்டகையில் வேலை பார்க்கிறேன். அங்கே மிஞ்சும், காய்ந்தால் கண்ணாடிபோல் இறுகும் ரெசின் பசையை வீட்டுக்குக் கொண்டுவந்து, நம் பழைய படகை அறுத்துப் பரிமாறும் தட்டுகள் செய்கிறேன். ஏரி பார்க்க வருகிறவர்கள் வாங்கிப் போகிறார்கள்.

கடைசியில் மிஞ்சியது முகப்புப் பலகை. குப்பத்தில் எல்லாரையும்போல நானும் நம் பெண்ணின் பெயரை எழுதிவைத்த பலகை. நான் வேண்டாம் என்ற அந்தப் பையனை அவள் கட்டிக்கொண்டு போன அன்று அதை உளியால் சுரண்டினேன். நீ அதைப் பார்த்துவிட்டு, சாயங்காலமே அவள் பின்னால் பஸ் ஏறினாய்.

பெயர் முழுதாகப் போகவில்லை. நீலச் சாயம் மரத்துக்குள் இறங்கியிருந்தது. அதையும் தட்டாக்க, மேலே ரெசினை ஊற்றினேன். கடல் காற்றின் ஈரத்தில் மூன்று நாளாகியும் பிசுபிசுத்தது. காய்ந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் என் விரல் ரேகை எழுத்துகளின் மேல் பதிந்துவிட்டது. இனி எந்த உளியும் அந்தப் பெயரைத் தொட முடியாது.

கூட வேலை செய்யும் ராஜவேலு, "இன்னாண்ணே, இத்த இன்னா வெலைக்குக் குடுப்பே?" என்று கேட்டான். விற்பதற்கில்லை என்றேன்.

தட்டில் நாலு டம்ளர் வைத்துப் பார்த்தேன். நம் நாலு பேருக்கும் சரியாக இருக்கிறது. நீ தனியாக வர வேண்டாம்.

இப்படிக்கு,
அவள் நைனா