வண்டியில் ஏறமாட்டேன்

5-8-96, திங்கள்

ஆடிக்காற்று இன்னும் அடங்கவில்லை. கொடியில் போட்ட துணியெல்லாம் பக்கத்து வீட்டு வாசலில். எடுக்கப் போனால் அந்த வீட்டுக்காரி பெயர் வாயில் வரவில்லை. எட்டு வருஷமாகப் பக்கத்து வீடு. "அம்மணி" என்று கூப்பிட்டுச் சமாளித்தேன்.

காரமடை அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பம். போன மாதம் என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்றாள். கூடப் பிறந்தவளிடம்! அவளை ஒரு வேலை செய்ய விட்டதில்லை அந்த வீட்டில். தண்ணீர் டம்ளர் கூட நாற்காலிக்கு வரும். எனக்குப் பயம். பயம் என்றே எழுதுகிறேன்.

டாக்டரம்மா சொன்னது: தினமும் கை வீசி, மூச்சு வாங்க நடக்கணும். மூளைக்கும் நல்லது.

"மறதி வராதுங்களா?"

"கேரண்டி தரமாட்டேன். உட்கார்ந்தே இருக்கறதுக்கு நடக்கறது மேல்."

அது போதும்.

வாங்க: வெந்தயம், டார்ச்சுக்கு செல், கால் வெடிப்புக்குக் களிம்பு.

6-8-96, செவ்வாய்

விடிந்ததும் சிங்காநல்லூர் குளத்துக்கரைக்கு நடை. இந்த ஊர் மரியாதை ஆளைக் கொல்கிறது. பால்காரர் வண்டியை நிறுத்தி, "ஏனுங்கம்மா நடந்து போறீங்க? ஏறுங்க, கொண்டுபோய் உடறேன்." ஆட்டோக்காரர், "காசெல்லாம் வேண்டாங்க." வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே பாதி மூச்சு போனது.

குளம் கண்ணுக்குத் தெரியும்போது மொபெட்டில் ஒருவர். "நல்லா இருக்கீங்களா? செந்தில் எப்படி இருக்கானுங்க?" என் மகனைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். யார் இது? தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கம். அவர் ஏறச் சொன்னதும் பேசாமல் ஏறிக்கொண்டேன். வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார். நடை பாழ். நாள் முழுக்கக் கோபம், என் மேலேயே.

8-8-96, வியாழன்

தூறல். தோசை மாவு புளித்துவிட்டது. மருமகள் கவிதா வாய் தவறிச் சொன்னாள்: "அவருதானுங்க அத்தை, எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருக்காரு. உங்களை ரோட்டுல கண்டா வண்டில ஏத்திக்கச் சொல்லி."

அப்படியா சேதி!

செந்திலைக் கேட்டேன். மோட்டார் பட்டறை முதலாளியாம். வாசலில் கார் நிற்கும்போது அம்மா ரோட்டில் நடந்தால் ஊர் என்ன பேசுமாம். அப்புறம் குரல் இறங்கி, "பெரியம்மா மாதிரி வழி தெரியாம எங்காச்சும் போயிட்டீங்கன்னா?" என்றான். அவனுக்கும் பயம்தான். ஆனால் அவன் கண்டுபிடித்த மருந்து, சாயங்காலமே வாசல் கேட்டில் ஒரு பூட்டு.

அறுபத்தாறு வயதில் எனக்குப் பூட்டு. பார்க்கிறேன்.

9-8-96, வெள்ளி

கேட் பூட்டியே கிடந்தது. சரி. மொட்டை மாடிக்கு ஏறினேன். சேலையை ஏற்றிச் செருகி, செந்திலின் பழைய கேன்வாஸ் ஷூ மாட்டி, கை வீசிச் சுற்றிச் சுற்றி நடந்தேன். தெருவே நின்று பார்த்தது.

பால்காரர் கீழேயிருந்து, "என்னங்கம்மா, வேண்டுதலுங்களா?"

"ஆமாங்க! புத்தி போகாம இருக்கறதுக்கு! உங்க பேரு மறந்துபோச்சு, சொல்லுங்க!"

கத்தித்தான் கேட்டேன். "ரங்கசாமிங்க!" என்று அவரும் கத்தினார். அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் வெட்கப்பட்டேன்?

செந்தில் லுங்கியோடு மேலே ஓடி வந்தான். "மானம் போகுதுங்கம்மா. கீழ வாங்க."

"ஒரு நாளைக்கு உன் பேரும் எனக்கு மறந்து போகலாம் கண்ணு. அதுக்குள்ள நடக்கறதை நடந்து பாத்துடறேன். இப்பத் தடுத்துப்போட்டு, அன்னைக்கு வந்து என் முன்னாடி நீ அழக்கூடாது."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஆனால் நடையை நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று முடித்து வந்தபோது கையில் கேட் சாவி வைத்திருந்தான். வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். பின்னாலேயே வந்தான்.

"நானும் வரட்டுங்களா?"

"வா. கையப் புடிக்காதே."