நேர்ந்த சேவலும் மணியின் கண்ணும்

ஜூன் 7, திங்கள்

விடிய முன்னமே மழை. வெள்ளவத்தையில் இந்த மாதம் உடுப்பு எங்கே காய்வது? வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், கருவாடு, கோழிக்குத் தவிடு.

முட்டை நாலு. ஒன்றைச் சேவல் மிதித்து உடைத்துவிட்டது. கடையில் முட்டை கிடைக்காத யுத்த காலத்தில் அதற்கு இந்தத் திமிர்.

கொடியில் உடுப்பு எடுக்கும்போது பின்னால் வந்து கெண்டைக்காலில் தன் கால்முள்ளால் அடித்தது. சேலைக் கரையெல்லாம் இரத்தம். முற்றம் கூட்டும் தும்புத்தடியை ஓங்கினேன். இவர் யன்னலுக்குள்ளால் கத்தினார்: "அடியாதையும்! நேந்த சேவல்!"

என் காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஜூன் 8, செவ்வாய்

கால் வீக்கம். மஞ்சள் பூசினேன்.

போன வருஷம் மகள் மணிக்கு நெருப்புக் காய்ச்சல். பிள்ளை பிழைத்தால் கதிர்காமத்தில் சேவல் விடுவதாக இவர் நேர்ந்தார். பிழைத்தாள். ஒரு குஞ்சு வாங்கிக் காலில் மஞ்சள் துணி கட்டினார். ஆடித் திருவிழாவுக்குப் போக இவருக்குக் கந்தோரில் லீவு தரவில்லை. குஞ்சு வளர்ந்து எமனாகிவிட்டது.

நேர்ந்ததை அடைக்கக் கூடாதாம். சிறகு வெட்டக் கூடாது. முள் நறுக்கக் கூடாது. கத்தியே படக் கூடாது. யார் சொன்னது என்றால், இவருடைய ஊரில் அப்படித்தானாம். காலையில் முதல் தீன் அதற்கு, பிறகுதான் மணிக்குப் பால்.

ஜூன் 10, வியாழன்

இன்று எழுத்து கோணல்.

கக்கூசு பின் முற்றத்தின் கடைசியில். மணி ஐந்து வயதுப் பிள்ளை, அடக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பாள்? என்னைக் கூப்பிடாமல் ஓடியிருக்கிறாள். சேவல் முகத்துக்குப் பாய்ந்துவிட்டது. நான் போக முன் புருவத்துக்குக் கீழே கிழிந்து, கண்ணெல்லாம் இரத்தம். கண் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

டிஸ்பென்சரியில் தையல். "இன்னும் கொஞ்சம் கீழை பட்டிருந்தால் கண் இல்லை, அம்மா," என்றார் டொக்டர்.

பின்னேரம் இவர் வந்து மணியின் கட்டுப்போட்ட முகத்தைப் பார்த்தார். அழுதார். கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ஆடி வரும் மட்டும் பொறும். இந்த முறை லீவு தருவாங்கள்."

"ஆடி மட்டும் பிள்ளை கக்கூசுக்குப் போகாமல் இருக்கட்டோ?"

தவிட்டுச் சட்டியோடு வெளியே போய்விட்டார்.

அன்பில்லாத மனிசன் இல்லை. பயம். நேர்த்திக்கடன் தவறினால் சாமி பிள்ளையை எடுத்துவிடுவார் என்ற பயம். எனக்கு அது விளங்குகிறது. விளங்கியும் பற்றி எரிகிறது.

ஜூன் 11, வெள்ளி

இவர் போனதும் பக்கத்து வீட்டுக் காசிம் நானாவைக் கூப்பிட்டேன். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கோழி அறுத்துக் கொடுப்பவர். கத்தியோடு வந்தார். மஞ்சள் துணியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இது நேந்ததா தங்கச்சி?"

"ஓம் நானா. பிள்ளையின்ரை முகத்தைப் பாருங்கோ."

பார்த்தார். உச்சுக்கொட்டினார். "சாமிக்கு விட்டதுல நான் கத்தி வைக்கமாட்டேன். குறை நினைக்காதீங்க."

அவர் வேலி தாண்டிப் போக முன்னமே சேவல் கூரையில் ஏறிக் கூவியது.

வெள்ளி, மீன் இல்லை. பருப்பு.

ஜூன் 12, சனி

மழை விட்டிருந்தது. மணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கக்கூசுக்குப் போய்த் திரும்பினேன். சேவல் கூரையிலிருந்து நேரே அவள் முகத்துக்கு வந்தது. கையால் தடுத்தேன், முழங்கை கிழிந்தது. கட்டு அவிழ்ந்து மணி வீரிட்டாள்.

அவளைக் குசினிப் படியில் இறக்கிவிட்டு விறகுக் கட்டையை எடுத்தேன். அது ஓடவில்லை. என்னை நோக்கித்தான் வந்தது. முதல் அடி சிறகில். இரண்டாவது கழுத்தில். விழுந்தும் காலால் உதைத்தது. கால்களை அடித்து முறித்தேன். தலையை அடித்தேன். செத்த பிறகும் அடித்தேன். மண்ணும் இறகும் வாய்க்குள் வந்தன, துப்பிவிட்டு அடித்தேன். சுகமாக இருந்தது. வேறு யாரிடமும் இதைச் சொல்ல மாட்டேன்.

சனி என்றபடியால் இவர் மத்தியானமே வந்துவிட்டார். முற்றத்தைப் பார்த்துக் குந்திவிட்டார்.

"இனிப் பிள்ளைக்கு ஏதும் வந்தால்..."

"வந்தால் உங்கடை சாமி என்னட்டை வரட்டும். நான் கதைக்கிறன்."

ஏசவில்லை. மண்வெட்டி எடுத்து வாழையடியில் குழி வெட்டிச் சேவலைத் தாட்டார். சோறு வேண்டாம் என்றார்.

ஜூன் 13, ஞாயிறு

நல்ல வெயில். பெட்டைகள் முற்றமெல்லாம் மேய்கின்றன. முட்டை ஐந்து.

மணி நேற்றுக் குசினிப் படியிலிருந்து எல்லாம் பார்த்திருந்தாள். இவருடைய இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டே திரிகிறாள். தலையிழுக்கக் கூப்பிட்டேன். வந்தவள் பாதி வழியில் நின்றாள்.

"கையிலை என்ன?"

"சீப்பு, ராசாத்தி."

"கீழை வையுங்கோ, அம்மா."

வைத்தேன்.

"மற்றக் கை?"

இரண்டையும் விரித்துக் காட்டினேன். வரவில்லை.