கட்டுநாயக்காவுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம்

மே 9, வெள்ளி இரவு
நுரைச்சோலை

தோஹாவிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஐந்து மணித்தியாலம் கூட இல்லை. பாதி வழி தாண்டியதும், எனக்குப் பின்னால் இருந்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு வலி வந்துவிட்டது. டாக்டர் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். ஒருவரும் எழும்பவில்லை. கீழே கடல்தான், இறங்க இன்னும் இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றாள் விமானப் பணிப்பெண்.

தோஹாவில் பிரசவ வார்டில் ஏழு வருடம் தரை துடைத்தவள் நான். எத்தனையோ பிரசவத்தைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒன்றிலும் கை வைத்ததில்லை. ஆனாலும் எழும்பிப் போனேன்.

"பயமா இரிக்கி ராத்தா," என்று அழுதாள்.

"அல்லாஹ் இரிக்கான். மூச்ச இழுத்து முக்குங்க."

அவள் முக்க, பிள்ளை என் கையில் வந்தது. பெண் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. தாதிமார் செய்வதைப் போலவே விரலால் மெதுவாக எடுத்துவிட்டேன். பிள்ளை வீரிட்டு அழுதது. எல்லோரும் கைதட்டினார்கள்.

விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போக வந்திருந்த என் கணவர், என் முக்காட்டில் இரத்தத்தைக் கண்டு பதறிப்போனார். நடந்ததைச் சொன்னேன். நான் தோஹாவில் என்ன வேலை செய்தேன் என்று ஊரில் ஒருவரிடமும் சொல்லாத மனிதர் அவர். வேனில் ஏறியதும் டிரைவரிடம் சத்தமாகச் சொன்னார்:

"எண்ட பொஞ்சாதி வார்டு கழுவப் போனவதான், தம்பி. அவதான் ஆகாசத்தில புள்ள எடுத்தா!"