கடைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு போன்

மார்ச் 3, செவ்வாய்

பளிச்சென்று வெயில். டயகம பக்கத்து மலை முழுசாகத் தெரிகிறது. கடையில் கூட்டமில்லை. இரண்டு போட்டோக்கொப்பி, ஒரு பயோடேட்டா. எனக்கு வசதி.

என் போன் அந்தப் பயண ஆப்பை ஏற்க மாட்டேன் என்றுவிட்டது. பழைய போன், இடமில்லையாம். ஆப்காரர்கள் கம்ப்யூட்டருக்கென்று எதுவும் செய்து வைக்கவில்லை. சரி, கம்ப்யூட்டரே போனாகட்டும். எமியூலேட்டர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, கம்ப்யூட்டருக்குள் ஒரு போனை உண்டாக்கிக் கொடுக்கும். இறக்கினேன். அசையவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போடும்போதே உள்ளே புகுந்து ஒரு செட்டிங்கை மாற்றினேன். ஓடியது! அகலத் திரையின் நடுவில் ஒல்லியாக ஒரு போன். விரலுக்குப் பதில் மவுஸ்.

கொப்பி எடுக்க வந்த அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்னா தங்கச்சி, டீவிக்குள்ள போன் ஓடுது?"

"ஓட வச்சா ஓடும்ணே."

விளையாட்டுக்குச் செய்யவில்லை. என் வீட்டுக்காரர் நாதனின் பாஸ்போர்ட் அலுமாரியில். மெடிக்கல் பாஸ். கட்டாருக்குப் போவதா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் ஏஜென்டுக்குச் சொல்ல வேண்டும். தேயிலை ஃபெக்டரிச் சம்பளத்தில் மேலறையைப் பூசி முடித்ததே பெரிய காரியம், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அறையை இந்த ஆப்பில் போட்டு விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்றது நான். நேற்று சாப்பிடும்போது சொன்னார்: "மாசம் முடியிறதுக்குள்ள ஒருத்தராவது வந்து தங்கிட்டுப் போகட்டும் ரோஸி. நான் போகல."

அவர் சும்மா சொன்னார். நான் சும்மா கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 5, வியாழன்

காலையில் குளிர், பிறகு வெயில். தண்ணீர் வரவில்லை.

ஆப் திறந்தது. "உங்களுக்கு அருகில்" என்று அமெரிக்காவில் ஒரு பாலத்தைக் காட்டுகிறது! போனுக்குத் தான் இருக்கும் இடம் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது, நாம்தான் கையால் சொல்லிக்கொடுக்க வேண்டும். வரைபடத்தில் கடலைத் தாண்டி இழுத்து வந்தேன். இலங்கை, ஹட்டன், அக்கரப்பத்தனை, எங்கள் தோட்டம். முகவரிக் கட்டத்தில் பிறந்ததிலிருந்து எழுதிவருவதையே எழுதினேன்: தோட்டத்தின் பெயர், மேல் பிரிவு, அக்கரப்பத்தனை. அடையாள அட்டையிலும் அதுதான், கல்யாணப் பத்திரிகையிலும் அதுதான். எழுதி முடித்ததும் இடம் காட்டும் சிவப்பு முள் தானே நகர்ந்து ஓரிடத்தில் உட்கார்ந்தது. கெட்டிக்கார ஆப்.

படங்கள்: மேலறை, ஜன்னல், வாசலில் மஞ்சள் திரைச்சீலை, பின்னால் இருக்கும் பாறை, பாறையிலிருந்து பள்ளத்தாக்கு. கடைசிப் படத்தைப் பார்த்தால் நானே பணம் கொடுத்து வந்து தங்குவேன்.

அத்தை, அதாவது நாதனின் அம்மா, கொழுந்தெடுத்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தார். "ஊரு பேரு தெரியாதவன வீட்டுக்குள்ள படுக்க வைக்கப் போறியா?"

"பேரு, படம் எல்லாம் அதுலயே வருது அத்தே."

"படத்துல எல்லாரும் நல்லவந்தான்."

சோற்றைப் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 9, திங்கள்

கோபம். என்மேல்தான்.

சனி மாலை யாரோ இடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்குள் சரி சொல்ல வேண்டும். ஞாயிறு கடை பூட்டு, நான் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டேன். இன்று திறந்து பார்த்தால் "காலாவதி". மற்றவர்களுடைய போன் மடியில் கிடந்து கூப்பிடும். என் போன் டவுனில், பூட்டிய கடைக்குள்.

இனி ஞாயிறும் பூசை முடிந்து கடைக்கு ஒரு நடை. நாதனிடம் சொல்லவில்லை. ஒருவர் கேட்டார் என்பதே நல்ல சகுனம்தானே. ஒருவர் கேட்டால் இன்னொருவரும் கேட்பார்.

மார்ச் 17, செவ்வாய்

வந்துவிட்டது!!

மாத்தறையிலிருந்து சிங்களக் கணவன் மனைவி, இருவரும் ஆசிரியர்கள். சனிக்கிழமை மதியம் வந்து ஒரு இரவு. "ஏற்றுக்கொள்" என்பதை அழுத்திவிட்டு, கடையில் யாருமில்லை என்பதால் கொஞ்சம் குதித்தேன்.

நாதனிடம் சொன்னேன். "வரட்டும் பாப்போம்" என்றார். இந்த மனிதரிடம் வேறென்ன வரும்.

மார்ச் 20, வெள்ளி

மேகம். தவக்கால வெள்ளி, நமக்கு மரக்கறிதான். கோழி நாளைக்கு.

வாங்க: தலையணை உறை, நல்ல சவுக்காரம், போஞ்சிக்காய், மாசிக் கருவாடு, பல்பு ஒன்று.

நாளைக்குக் கடை பூட்டு. நான் சமையல். நாதனுக்கு ஃபெக்டரி. லீவு கேட்கச் சொன்னேன். "யாரும் வரலன்னா லீவும் போச்சு, மானமும் போச்சு" என்றார். அறையை அத்தை இரண்டாம் தடவை கூட்டியதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

மார்ச் 21, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். அவர்கள் அத்தையோடு அடுப்படியில் பிளேன் டீ குடிக்கிறார்கள், அதற்குள்.

மதியச் சாப்பாடு தயார். கோழிக்கறி, பருப்பு, போஞ்சி, மாசிச் சம்பல். ஆள் இல்லை. சோறு ஆறியது. பாதையில் நாய்கூட இல்லை. அத்தை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். "நா அப்பவே சொன்னேன்."

அப்போதுதான் உறைத்தது. வழி தெரியாவிட்டால் அவர்கள் ஆப்பில்தான் கேட்பார்கள், அது மட்டும்தான் அவர்களிடம் இருக்கிறது. ஆப் கடையில். கடை டவுனில். பஸ் போய்விட்டது. பயம் பிடித்துக்கொண்டது. விமான நிலையத்தில் பெட்டியோடு நாதன் திரும்பிப் பார்ப்பது வரைக்கும் கண்ணுக்குள் ஓடிவிட்டது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

கீழே தேயிலைக்கு நடுவில் யாரோ ஏறி வருகிறார்கள். முன்னால் வருபவரின் தோளில் பெரிய பை. உடம்பெல்லாம் தேயிலைத் தூசு. நாதன்! பின்னால் ஒரு ஐயா, ஒரு அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டு.

நடந்தது இதுதான். வரைபடம் அவர்களை நேராகத் தோட்டத்து ஆபீசில் கொண்டுபோய் விட்டிருக்கிறது. "மேக்க ஒபிஸ் எக்கனே", இது ஆபீஸ்தானே என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல, ஐயா "இல்லை, முள் இங்கேதான்" என்று உள்ளே போய்விட்டாராம். பெரிய கிளாக்கர் ஃபெக்டரி பார்க்க வந்தவர்கள் என்று நினைத்து, உட்கார வைத்து, டீ கொடுத்து, ஃபெக்டரிக்கே அனுப்பிவிட்டார். ஒவ்வொரு மெஷினாகச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். ஐயாவும் இதெல்லாம் தங்கும் அறையோடு சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்! உருட்டு மெஷின் பக்கம் வந்தபோது அந்த அம்மா பொறுமை இழந்து, அங்கே வேலையில் நின்ற ஆளிடம் தன் போனைக் காட்டிக் கேட்டாராம். "மே கெதர கொஹெத?" இந்த வீடு எங்கே.

அந்த ஆள் நாதன். படத்தில் மஞ்சள் திரைச்சீலை.

"மகே கெதர" என்றாராம். என்னுடைய வீடு.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தப்பு என்னுடையது. எங்கள் தோட்டத்தில் யார் வீட்டுக்கும் தனி முகவரி கிடையாது. யாருக்கு என்ன வந்தாலும் ஆபீசுக்கு வரும், நாம் போய் வாங்கிக்கொள்வோம். கடிதம் அப்படி, பார்சல் அப்படி. விருந்தாளிகளையும் அப்படியே ஆபீசுக்கு வரவழைத்திருக்கிறேன். எமியூலேட்டரையே ஆட்டி வைத்தவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

அத்தை அடுப்படியில் சத்தமாகச் சிரிக்கிறார். அவருக்குச் சிங்களம் இவ்வளவு வருமா?

மார்ச் 22, ஞாயிறு

விடியும் முன்பே நாதன் அவர்களைப் பாறைக்குக் கூட்டிப் போனார். நான் கேட்கவில்லை, அவராகத்தான். திரும்பி வரும்போது குரல் முதலில் வந்தது, ஆள் பிறகு. எந்த மலை எது, எந்த மாதம் எந்தக் காற்று, சிறுத்தை எந்தப் பக்கம் இறங்கும், எல்லாம். என்னிடம் ஒரு வாரத்துக்குப் பேசுவதை அந்த ஒரு நடையில் பேசியிருப்பார். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

போகும்போது அந்த அம்மா அத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அத்தை மீதிச் சம்பலைப் போத்தலில் போட்டுக் கொடுத்தார். ஊர் பேர் தெரியாதவர்களுக்கு.

பூசை முடிந்து கடைக்குப் போய்ப் பார்த்தேன். கருத்து எழுதிவிட்டார்கள். எல்லா நட்சத்திரமும். "வரைபடத்தை நம்ப வேண்டாம், நாதனை நம்புங்கள்." வாய்விட்டுச் சிரித்தேன்.

பாஸ்போர்ட்டைப் பற்றி இவர் பேச்சே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சொன்னது சும்மாதான் என்று சொல்லிவிட்டால்?

மார்ச் 24, செவ்வாய்

தூறல். மதியம் நாதன் கடைக்கு வந்து நின்றார். அவர் இங்கே வருவதே அபூர்வம். "முள்ள சரியா வைக்கணும்ல, தள்ளிக்க" என்றார்.

வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கினேன். பச்சை, பச்சை, பிறகு தகரக் கூரைகள். திரையில் விரலை வைத்து நகர்த்தினார். "மவுஸுங்க" என்றேன். காதில் விழவில்லை. "இன்னுங் கொஞ்சம் மேல. அது அந்தோணி வீடு. இந்தா, நீலத் தண்ணித் தாங்கி. இதான்."

முள்ளை இழுத்து எங்கள் கூரைமேல் வைத்தேன். முகவரிக் கட்டம் காலியாக இருந்தது. "என்னாங்க எழுத?"

கொஞ்சம் யோசித்தார். "ஆபீசத் தாண்டி மேல வரணும். மாதா சிலை வச்ச கெபிகிட்ட வலது பக்கம். நீலத் தாங்கி வச்ச வீடு. எழுது."

அப்படியே எழுதினேன். ஏற்றுக்கொண்டது.

பாதி எழுதும்போதே அவர் போன் அடித்திருந்தது. திரும்பவும் அடித்தது. ஏஜென்ட். மவுஸை விட்டேன். அந்தப் பக்கம் விறுவிறுவென்று பேச்சு, வெள்ளிக்கிழமை, கொழும்பு, டிக்கெட் என்று துண்டு துண்டாகக் கேட்டது. இவர் முழுசாகப் பேச விட்டார். கண் திரையில் அந்த முள்மேலேயே.

"இல்லீங்க, போகல," என்றார். "நான் வீட்டுல இருக்கேன்."