பாய் சிக்கிய படகு

சண்டாக்கான்
9 பிப்ரவரி 1999

அன்புத் தங்கை கிரிஹாத்திக்கு,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் நலம் என்று எழுதியிருக்கிறாய். எட்டு வருஷமாக நான் நலமா என்று அங்கிருந்து யாரும் கேட்காததால் அந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறேன்.

மச்சான் சரபுன் புது லெப்பாப் படகைக் கட்டி முடித்துவிட்டார். ஏப்ரல் மாதம் செம்போர்ணாவில் நடக்கும் அலங்காரப் படகுத் திருவிழாவுக்கு அதைக் கொண்டுபோகிறீர்கள். நானும் வர வேண்டும். அவ்வளவுதானே? படகுக்கு என் வாழ்த்துகள். நான் வரவில்லை.

காரணம் உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், நம் வீட்டில் எதையும் எழுதிவைப்பவன் நான் ஒருவன்தான். தன் லெப்பாவை எனக்குத் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். எட்டு வருஷத்துக்கு முன் அவர் இறந்த அன்றே அதை உடைத்து, அதன் பலகைகளில் அவரைக் கிடத்தி அடக்கம் செய்தீர்கள். அது நம் வழக்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூத்த மகனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? மூன்றாம் நாள் இங்கே மீன் சந்தையில் ஐஸ் விற்கிறவன்தான் எனக்குத் துக்கம் சொன்னான். "வாத்தியாருக்குத் தெரியாதா?" என்று வேறு கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

உன் கல்யாணத்தில் துறைமுக குமாஸ்தாவுக்குப் பின்னால் என்னை உட்காரவைத்ததைப் பற்றி இப்போது எழுதவில்லை.

படகின் பாய்க்கு மஞ்சள் துணி வாங்கியதாக எழுதியிருந்தாய். செம்போர்ணா கடைத்தெரு மஞ்சள் ஒரே மழையில் வெளுத்துவிடும். இங்கே நல்ல துணி கிடைக்கிறது. பத்து கஜம் தனியாக அனுப்பியிருக்கிறேன். இதை வேறு எதுவாகவும் எடுத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
ஜல்மின்


ஓமடால் தீவு
1 மார்ச் 1999

அன்புள்ள அண்ணனுக்கு,

துணி வந்துச்சு. ஒரு ராத்திரி பூரா தண்ணியில ஊறப்போட்டுப் பாத்தேன், சாயம் போகல. வேற எதுவாவும் எடுத்துக்கல.

நீங்க வரலைன்னா திருவிழாக் கூட்டத்துல ஒரு தலை கொறையும், அவ்வளவுதான்னு நெனச்சேன். இப்ப படகே போகாது போல. உங்க மச்சானோட பெரியப்பா தஹிரான் வந்து பாத்துட்டு, கூடப் பொறந்தவங்க பகையா இருக்கிற வீட்டுப் புதுப் படகு தண்ணியைத் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டார். நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காரணும், நம்ம தலையில அவர் தண்ணி ஊத்துவார், மனசுல ஒண்ணும் மிச்சமில்லைன்னு ரெண்டு பேரும் சொல்லணும். யாராவது எதையாவது மறைச்சா பாய் காத்துப் பிடிக்காதாம்.

இப்ப படகு கரையில கட்டை மேல நிக்குது. வர்றவங்க போறவங்க எல்லாம் படகைக் காட்டி, "என்ன கிரிஹாத்தி, இன்னும் மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து ஆள் வரலையா?"ன்னு கேலி பண்றாங்க. இந்தப் பாயை ஏழு மாசமா தைச்சேன் அண்ணே, உங்க மஞ்சளைச் சேத்தா முடிஞ்சது. ராத்திரி படுத்தா விரல் எல்லாம் ஊசி ஊசியா குத்துது. அது சுருட்டினபடியே கெடந்து எலி கடிக்கப்போகுது.

அப்பா படகுல முதல் கோடாலி போட்டது நான்தான். அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். அவர் அவரோட படகுலதான் போகணும். ஆனா அவர் கண்ணை மூடின உடனே உங்களுக்கு ஆள் அனுப்பியிருக்கணும். அனுப்பல. அது என் தப்பு.

உங்க தங்கச்சி,
கிரிஹாத்தி


சண்டாக்கான்
20 மார்ச் 1999

தங்கை கிரிஹாத்திக்கு,

பாய் தைத்தவள் நீ. அது எலிக்குப் போகக் கூடாது. எனவே ஏப்ரல் இரண்டாவது வியாழன் காலை வருகிறேன். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு மாலையே திரும்பிவிடுவேன். திருவிழாவுக்கு நிற்க மாட்டேன். மச்சான் என்னைப் பற்றி நகைச்சுவை எதுவும் சொல்லக் கூடாது. எனக்காக விசேஷமாக எதுவும் சமைக்க வேண்டாம். மரவள்ளிப் புட்டும் சுட்ட மீனும் இருந்தால் போதும். மீன் சூடாக இருக்க வேண்டும்.

ஜல்மின்


சண்டாக்கான்
2 மே 1999

அன்புள்ள கிரிஹாத்திக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஒரு நாளுக்கு வந்தவனைப் பதினோரு நாள் வைத்துக்கொண்டீர்கள். பள்ளிக்கூடத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். என் விளக்கங்கள் எப்போதும் நன்றாக இருக்கும்.

மச்சான் வாக்குக் காப்பாற்றவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். துறையில் அத்தனை படகுகளுக்கு நடுவே அவர் என்னைக் காட்டி, "இவர்தான் நம்ம வாத்தியார். கடல்லயே பொறந்தவர், ஆனா படகுல ஏறினா வாந்தி வந்துரும்" என்றார். பக்கத்துப் படகில் வெண்கலத் தட்டு மேளம் வாசித்துக்கொண்டிருந்தவன் தாளம் தவறவிட்டுச் சிரித்தான். நான் வாந்தி எடுக்கவில்லை என்பதை நீ பார்த்தாய். யாரும் அதைப் பாராட்டவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், அந்தத் திருவிழாக் காலையை நான் மறக்கப்போவதில்லை. நாற்பது படகுகள் ஒன்றாகப் பாய் விரித்தபோது என் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது. உன் மகள் நீளமான பொன் நகங்களை மாட்டிக்கொண்டு முன்முனையில் ஆடியபோது, எல்லாப் படகுக்காரர்களும் தங்கள் பெண்ணை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். உன் பாயின் ஓரத்தில் சிவப்பையும் பச்சையையும் பல்வரிசை போல வைத்திருந்தாய். அதைவிட நல்ல பாய் அங்கே இல்லை. இது அண்ணன் சொல்வதல்ல, கண் இருக்கிறவன் சொல்வது. நமக்கு ஏழாம் இடம் கொடுத்த நடுவர்களில் ஒருவருக்குப் பாயின் தலைப்பு எது, கால் எது என்று தெரியவில்லை. அவர் பெயரைக் குறித்துவைத்திருக்கிறேன்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

நடுவர் மேடைக்கு எதிரே வந்ததும் நம் பாய் பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது. காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. மற்றப் படகுகள் எல்லாம் நம்மைக் கடந்து போயின. மச்சான் கயிற்றைத் திட்டினார். பெரியவர் தஹிரான் மட்டும் என் முகத்தைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

நான் ஐம்பத்தொரு வயதுக்காரன், பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவன். பாய் ஏன் சிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஐந்து நிமிஷம் பெரியவர் சொன்னதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மனதில் மிச்சமில்லை என்று ஈரத் தலையோடு நான் சொன்னது பொய். அப்பா இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, அவர் படுக்கையில் கிடந்து என்னைக் கேட்கிறார் என்று நீ அனுப்பிய சீட்டு எனக்குக் கிடைத்தது. கருவாட்டு வியாபாரி அம்பலோங் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்து கையில் கொடுத்தான். அந்த வாரம் தலைமையாசிரியர் பதவிக்கு நேர்காணல். முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். பதவியும் கிடைக்கவில்லை. அதன் பிறகு, நீங்கள் எனக்குச் சொல்லவில்லை என்று நானே சொல்லத் தொடங்கினேன். முதலில் வேறு ஆட்களிடம், அப்புறம் என்னிடமே. கடைசியில் உன்னிடமும் சொல்லி, உன்னையே தப்பு ஒத்துக்கொள்ளவும் வைத்தேன்.

இதைப் படித்த பிறகு நீ எழுதாவிட்டால் எனக்குப் புரியும்.

உன் அண்ணன்,
ஜல்மின்


ஓமடால் தீவு
16 மே 1999

அண்ணே,

அம்பலோங் அன்னிக்கே திரும்பி வந்து சொல்லிட்டான். "வாத்தியார் கையிலதான் குடுத்தேன். படிச்சார், மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார், ஒரு டீ வாங்கிக் குடுத்தார்"னான். நாலு நாளும் துறைக்குப் போய் வர்ற படகை எல்லாம் பாத்தேன். அதுக்கப்புறம்தான் கோடாலி எடுத்தேன்.

அம்பலோங் வாயை நான்தான் அடைச்சேன். உங்க மச்சானுக்குக்கூட இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எனக்கு முதல் ரெண்டு வருஷம் உங்க மேல கோபம் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் புள்ளை வளந்துச்சு, பாய் தைக்க உக்காந்தேன், கோபத்துக்கு நேரம் இல்லாமப் போச்சு. தண்ணி ஊத்தினப்ப மிச்சமில்லைன்னு நான் சொன்னது நெஜம்.

பெரியப்பா தஹிரான்கிட்ட உங்க கடுதாசியைக் காட்டப்போறதில்ல. காட்டினா படகை மறுபடியும் கரையேத்தச் சொல்வார். அது நல்லா ஓடுது. நேத்து அதுல போய்தான் கணவாய் புடிச்சோம்.

அப்புறம் அந்தப் பாய். அதுல உங்க பொய்யும் இல்ல, என் தையலும் இல்ல. மேல கட்ட வேண்டிய கயித்தை உங்க மச்சான் கீழ மாத்திக் கட்டியிருக்கார். காத்துல சிக்குச்சு, சுருக்குல சிக்குச்சுன்னு என்னென்னமோ சொல்லிப் பாத்தார். உண்மையை அவர் வாயால வரவைக்க எனக்கு மூணு நாள் ஆச்சு.

உங்களுக்கு எட்டு வருஷம். பரவாயில்ல, நீங்க படிச்சவர்.

கிரிஹாத்தி