துணைக்கு ஒரு மகன்

மார்ச் 4

அன்புள்ள அம்மா,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அரம் பிடித்துச் சாவி ராவிய கை இது. பேனா பிடித்து நான்கு மாதந்தான் ஆகிறது. இந்த ஒரு தாளுக்கு மூன்று நாள். ஆனாலும் நானே எழுதுகிறேன்! இணையம் வழியாக நீங்கள் செய்த உதவியால் கண்புரை எடுத்தார்கள். பார்வை வந்த தெம்பில் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது பேருந்துப் பலகை, மருந்துச் சீட்டு எதையும் விடுவதில்லை.

அந்த ஆசையில், எனக்கு உதவி கேட்டு மகன் இணையத்தில் போட்ட பக்கத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'ஒரே மகனையும் விபத்தில் பறிகொடுத்தவர்' என்றிருந்தது. மகன் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"அப்படிப் போட்டாத்தான்ப்பா மனசு இறங்குவாங்க. நீ படிக்கக் கத்துக்கிட்டது எனக்கு வினையாப் போச்சு."

சிரித்துவிட்டேன். ஆனால் கீழே நீங்கள் எழுதியதையும் மொழிபெயர்த்துப் போட்டிருந்தார்கள்: 'என் மகனும் இல்லை. இந்தத் தானத்தின் புண்ணியம் இரண்டு பிள்ளைகளுக்கும் சேரட்டும்.' அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மகன் உயிரோடு இருக்கிறான் அம்மா.

இப்படிக்கு,
பூட்டு சாவிக் கிழவன்

மார்ச் 29

மதிப்பிற்குரிய பெரியவருக்கு,

உங்கள் மொழி தெரிந்த தோழி படித்துச் சொன்னாள். இதையும் அவளே எழுதுகிறாள். உங்கள் மகன் இருப்பதில் மகிழ்ச்சி. கொடுத்துவிட்டு எதையும் எதிர்பார்க்காதே என்பதே எங்கள் புத்தர் வழி. நீங்கள் எனக்கு ஒன்றும் திருப்பித் தர வேண்டியதில்லை.

ஆனால் ஏழு மாதமாகக் காலைத் தியானத்தில் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தே நினைத்தேன். இறந்தபின் போகிற வழியில் என் மகனுக்குத் துணை இருக்கிறது என்று தேறியிருந்தேன். இன்று அமர்ந்தபோது அவன் தனியாக இருந்தான்.

இனி பதில் எழுத எனக்கு மனம் வராது. கோபமில்லை.

நலம் விரும்பும்,
ஒரு தாய்

ஏப்ரல் 19

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். 'தனியாக' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மகனிடம் கொடுத்தேன். "நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்ப்பா" என்றான். அன்றே அந்த இணையப் பக்கத்தில் உண்மையைப் போட்டுவிட்டான்.

உங்கள் தியான முறை எனக்குத் தெரியாது. கடை திறக்கும் முன் ஸ்டூலில் உட்கார்ந்து உங்கள் பிள்ளையை நினைக்கிறேன். முகம் தெரியாது. "தம்பி, கொஞ்சம் மெதுவா நட, இந்தக் கிழவன் கூட வர்றேன்" என்று சொல்லிக்கொள்கிறேன். மகனும் பக்கத்தில் வந்து உட்காருகிறான், நான் கூப்பிடவில்லை.

நீங்கள் பதில் போட வேண்டாம். எதிர்பார்க்காமல் கொடுக்க நானும் பழகிப் பார்க்கிறேன். கஷ்டந்தான் அம்மா, தபால்காரர் வரும் நேரத்துக்குக் கண் தெருவுக்குப் போய்விடுகிறது. அடுத்த வாரமும் எழுதுவேன்.

இப்படிக்கு,
பூட்டு சாவிக் கிழவன்